அறுபத்தொன்றாம் ஃபேடர்

ஓடுகிறது. நான்காவது ரீல் ஓட ஆரம்பித்துவிட்டது. திரைக்கு மேலே சிவப்பு எண்கள் நொடிகளை எண்ணுகின்றன, இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருபது நொடி, அதற்குப் பிறகு தேசிகாமணி சாருடைய மானம் இந்த ஏசி அறையில் கப்பலேறும், ஏற்றுகிறவன் நான். காலை பதினொன்றரை மணி. வெளியே சாலிகிராமம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டு, ஒரே குளிர், பத்தொன்பது வருஷமாக இதே இருட்டு, இதே குளிர். எனக்கு முன்னால் ஒலிக்கலவை கன்ஸோல், நாலு ஆள் நீட்டிப் படுக்கலாம் அவ்வளவு நீளம், அதில் அறுபத்து நான்கு ஃபேடர்கள், ஒலியை ஏற்றவும் இறக்கவும் விரலால் தள்ளுகிற கட்டைகள். இப்போது அவை தாமாகவே ஏறி இறங்குகின்றன. மூன்று வாரமாக நான் தள்ளிய ஒவ்வொரு தள்ளலையும் கம்ப்யூட்டரில் இருக்கிற ஆட்டோமேஷன் மென்பொருள் நொடி பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறது, அடியில் இருக்கும் குட்டி மோட்டார்களை வைத்து அப்படியே திரும்பச் செய்துகாட்டுகிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் கை வேலை செய்கிறது. அதன் மேல் தன் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் சார். ஃபேடர் ஏறினால் அவர் விரலும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது, நடுநடுவே தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னால் சோபாவில் மூன்று பேர். தயாரிப்பாளர் முத்துக்கருப்பன் அண்ணாச்சி, இது அவருடைய முதல் படம், எல்லாவற்றுக்கும் வாயைப் பிளக்கிறார். டைரக்டர் ஆதிரை, இருபத்தேழு வயசு. எடிட்டர் ஜெரோம், அவளைவிடச் சின்னவன். மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சார் நடிக்கிற நடிப்பு இருக்கிறதே, படத்தில் நடித்தவர்கள் பிச்சை வாங்க வேண்டும். "பார்த்தீங்களா, விரலு எப்படிப் பேசுது பாருங்க," என்கிறார் அண்ணாச்சி யாரிடமோ. பேசட்டும் அண்ணாச்சி, நல்லாப் பேசட்டும், இன்னும் பதினொரு நிமிஷம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது. யார் ஃபேடரைத் தொட்டாலும் பதிவாகாதபடி மென்பொருளைப் பூட்டிவிட்டுத்தான் நான் இந்த மாதிரிப் போட்டுக்காட்டலை ஆரம்பிக்க வேண்டும். போன தீபாவளிப் படத்தில் பூட்ட மறந்துவிட்டேன். சார் உணர்ச்சிவசப்பட்டு நடித்த நடிப்பெல்லாம் என் வேலையின் மேலேயே பதிவாகிவிட்டது. கதாநாயகன் தங்கச்சியிடம் அழுது பேசும்போது பக்கத்து வீட்டு நாய் குரைப்பு அவன் தலைக்கு மேல் போனது. ரெண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். அதற்கு எனக்குத்தான் திட்டு. "பூட்டணும்னு தெரியாதாடா வைரா, இத்தனை வருஷம் என்ன பிடுங்கினே." ஆமாம் சார், பூட்டாதது என் தப்புதான், உங்கள் கை சும்மா இல்லாதது தப்பே இல்லை. இன்றைக்குப் பூட்டியாகிவிட்டது, மூன்று தடவை பார்த்துவிட்டேன். அவர் என்ன தடவினாலும் நான் எழுதிவைத்தது எழுதிவைத்தபடி நடக்கும். ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி ஒவ்வொன்றும் எது என்று நானே பேனாவால் எழுதியிருக்கிறேன். வசனம், வசனம், மழை, பஸ், கூட்டம், காலடி, வயலின். கடைசி ஃபேடரின் தலையில் பூஜையன்று சார் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. வலது ஓரத்தில், என் முழங்கைக்குப் பக்கத்தில், அறுபத்தொன்று. அதன் கீழே டேப் வெறுமையாக இருக்கிறது. அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம். நாலு நாளைக்கு முன்னால் வரைக்கும் இல்லை.

மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. திரையில் பவானி, அவள்தான் கதைநாயகி, பஸ் கண்டக்டர், டிக்கெட் பையை மேஜைமேல் வைக்கிறாள். அந்தப் பை வைக்கிற சத்தத்துக்கு நான் ஒரு முழு மத்தியானம் செலவழித்தேன், சில்லறையின் கனம் வரவேண்டும் என்று. வந்திருக்கிறது. ஆதிரை அதைக் கேட்டுவிட்டு மூச்சை இழுப்பது எனக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியும் எது நல்ல சத்தம் என்று. ஆனால் யார் வைத்தது என்று தெரியாது, அவள் சாரின் முதுகைப் பார்த்துத்தான் தலையாட்டுவாள். எத்தனை முதுகு, எத்தனை தலையாட்டல். முதுகை எல்லாரும் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவனை யாருக்கும் தெரிவதில்லை. சரி, புலம்பல் வேண்டாம். புலம்பியது போதும், பத்தொன்பது வருஷம் புலம்பியதில் என் மனைவி தேனம்மைக்கே சலித்துவிட்டது. "ஒண்ணு அவர்கிட்ட நேரா கேளுங்க, இல்லேன்னா விட்டுத்தள்ளுங்க, என் உயிரை எடுக்காதீங்க." ரெண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது தேனு, அது உனக்குத் தெரியாது. நொடிக்குப் பன்னிரண்டாயிரம் அதிர்வு. மெல்லிசான ஒரே ஒரு விசில். இளசுகளின் காதில் ஊசி இறங்குகிற மாதிரி இறங்கும். சாருடைய காதில் ஒன்றும் இறங்காது.

அதை நான் கண்டுபிடித்தது மார்ச் மாதம். கண்ணாடியை எடுத்து வாடா என்றார், அவர் பையைத் துழாவினேன், நடுவில் நாலாக மடித்த ஒரு தாள், காது டாக்டர் ஒருத்தரின் பெயர் போட்டது. சிவப்புக் கோடு வலது காது, நீலக் கோடு இடது. ரெண்டும் பாதி தூரம் தள்ளாடித் தள்ளாடி நடந்துவந்து எட்டாயிரம் அதிர்வில் தலைகுப்புற விழுந்துகிடந்தன. அதற்கு மேல் டாக்டர் சோதித்துப்பார்க்கவே இல்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் எல்லாம் புரிந்தது, ஏன் ரெண்டு வருஷமாக அவர் கலக்குகிற வசனத்தில் ஒவ்வொரு 'ஸ'வும் பாம்பு சீறுகிற மாதிரி சீறுகிறது, ஏன் நான் சாயந்திரம் அவர் போன பிறகு உட்கார்ந்து அத்தனை சீறலையும் ஒவ்வொன்றாகத் தணிக்க வேண்டியிருக்கிறது, ஏன் புதுசாக ஒரு பழக்கம், சந்தேகம் வந்தால் மேஜைக்கு அடியில் என் முழங்காலை ரெண்டு தட்டு தட்டுவார், நான் தலையாட்டினால் சரி. இந்த ஊரில் பாதிப் படத்துக்குக் காது என்று பெயர் வாங்கினவருக்குக் காது நான். ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொல்லியிருந்தால், வைரா, எனக்குக் கேக்கலடா, நீதான் பார்த்துக்கணும் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் செத்தாலும் வெளியே விட்டிருக்க மாட்டேன். சொல்லவில்லை. முழங்காலைத் தட்டினார், கூப்பிடு மணி அடிக்கிற மாதிரி.

அப்பாவை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன், ஆனால் திரையில் ஒரு ஃபோன் அடிக்கிறது, டெப்போ மேனேஜர் அறையில், நான் வைத்த மணிதான், எடுக்க யாரும் இல்லாமல் ஆறு தடவை அடித்து ஓய்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த அறை வாசலில் இருக்கிற மரப்பெட்டியில் என் ஃபோன் அடித்தது. உள்ளே வருகிற யாரும் ஃபோனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும், இங்கே அது சட்டம், கோயிலில் செருப்பு விடுகிற மாதிரி. மாத்திரை போட வெளியே போன சார் அதை எடுத்தார். தேவகோட்டையிலிருந்து அக்கா மீனாள். அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் காது கேட்கிறது என்கிறார் டாக்டர், தம்பியைக் கூப்பிடுங்கள் சார், வர வேண்டாம், வந்து சேர முடியாதென்று தெரியும், அப்பா காதில் ஃபோனை வைக்கிறேன், அவன் ஒரு நிமிஷம் பேசினால் போதும். இதைத்தான் அக்கா சொன்னாள், வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தெரியும், பத்து தடவை அவளைச் சொல்லவைத்துக் கேட்டிருக்கிறேன். மணி பதினொன்று பத்து. சார் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "கடைசிப் பகுதியை இன்னொரு தடவை பார்த்துடலாம்டா" என்றார். பார்த்தோம். இன்னொரு தடவை என்றார். பார்த்தோம். ஒன்றரை மணிக்கு ரீல் முடிந்த பிறகு என் தோளில் கை வைத்து, "ஊருல அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், கிளம்பு, மெதுவாப் போ, அவசரம் இல்ல" என்றார். அவசரம் இல்ல. அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்துவிட்டது என்று அக்கா ரெண்டாவது தடவை கூப்பிட்டுச் சொன்னதையும், நடுவில் மறுபடி வெளியே போனபோது, அவர்தான் கேட்டிருந்தார்.

ஒரு நிமிஷம் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன்? தெரியவில்லை, அதை யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. அப்பா, நான் வைரவன், என்று சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் வந்திருக்கும். அது போதுமே. அப்புறம் ஒரு நாள் கேட்டேன், ஏன் சார் சொல்லவில்லை என்று, அழுதுகொண்டேதான் கேட்டேன், வெட்கமில்லாமல். "சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும்டா, அந்த ரீல் உருப்பட்டிருக்காது" என்றார். நேர்மையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிகிறது. அந்த ரீலுக்குத்தான் விருது வந்தது. ஒருத்தி நீதிமன்றப் படியில் வந்து உட்காருகிறாள், சுற்றியிருக்கிற சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி ஒன்றுமே இல்லாமல் போகிறது, முழுசாக நாற்பது நொடி. நான் முதலில் செய்துகாட்டியபோது, "லூசாடா நீ, ஸ்பீக்கர் போச்சுன்னு தியேட்டர்ல சீட்டைக் கிழிப்பான்" என்று கத்தினவர் இவர். மேடையில் மைக் பிடித்து, "மௌனம்தான் என்னோட கையெழுத்து" என்றவரும் இவர். நான் பதினெட்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்தான், நானும் வேகமாகத் தட்டினேன், உள்ளங்கை சிவந்துபோகிற அளவுக்கு. அந்த மௌனத்துக்குள்ளே என் அப்பா காதில் விழாமல் போன என் குரல் இருக்கிறது. இதை இந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏழு நிமிஷம் நாற்பது. இதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். விழுங்கவே முடியாதது நாலு நாளைக்கு முன்னால் வந்தது. இந்தப் படத்துக்கு டைட்டிலில் நம்ம ரெண்டு பேர் பேரும் ஒரே கார்டில் வரும்டா என்று சாமி படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். தேனம்மை பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரிடமும் சொல்லிவிட்டாள். ஜெரோம் டைட்டில் பட்டியலைக் காட்டினான், சரிபார்க்கச் சொல்லி, பாவம் அவனுக்கென்ன தெரியும். ஒலிக்கலவை, கொட்டை எழுத்தில் தேசிகாமணி. நான் எங்கே என்று தேடினேன். தேடினேன். கடைசியில் ஓடுகிற பொடி எழுத்தில், சாப்பாடு சப்ளை செய்தவருக்கு அடுத்து, வேன் டிரைவருக்கு முன்னால், உதவி: வைரவநாதன். சாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு இதே சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரை அணைத்தேன். காலியாக இருந்த அறுபத்தொன்றை எடுத்தேன். பன்னிரண்டாயிரத்தில் ஒரு ஒற்றை ஒலியை வைத்தேன், பவானி வெளியே வந்து நிற்கிற அந்த மௌனத்தில், சாருடைய கையெழுத்தில். மவுஸால் ஒரு கோடு வரைந்தேன், தரையிலிருந்து மெதுவாக ஏறி உச்சியில் நிற்கிற கோடு. பழைய ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தேன், அது ஒரு பக்கம் போனது, நுண்ணியது எதுவும் அதில் நிற்காது. மீட்டரைப் பார்த்தேன், போதாது என்று தோன்றியது, இன்னும் ஏற்றினேன். பின்னால் குறட்டை. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வேலை செய்து வருஷக்கணக்காகிறது.

அதற்கப்புறம் குளியலறையில் அந்த வசனத்தைப் பழகினேன், மூன்று நாள், தினமும், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. "இதோ கேக்குதே சார், உங்களுக்குக் கேக்கலையா?" அப்பாவியாகக் கேட்க வேண்டும். கரிசனமாகக் கேட்க வேண்டும். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் கேட்கிற மாதிரி. ஆதிரை முன்னால் சொல்லுவாள், சார், ஏதோ விசில் கேட்கிறது என்று. சார் இல்லை என்பார், அவருக்குத் தெரியாததை ஒத்துக்கொள்கிற வழக்கம் கிடையாது. இல்லவே இல்லை என்று ஓங்கிச் சொல்லுவார், தன் காதின் மேல் சத்தியம் செய்வார். அப்போது நான், மெதுவாக. ஒரே வசனம். சாயந்திரத்துக்குள் கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்துவிடும், நான் யாரிடமும் சொல்லத் தேவையில்லை, ஜெரோம் போதும். இன்று காலை குளித்துவிட்டு வரும்போது தேனம்மை வாசலில் நின்றுகொண்டு, "இன்வெர்ட்டர் கீச்சுக்கீச்சுன்னு கத்துது, மூணு மாசமா சொல்றேன், ஆளைக் கூப்பிடுங்க" என்றாள். ஒன்றும் கத்தவில்லை என்றேன். "காதைக் குடையுது, ஒண்ணும் இல்லைங்கிறீங்களே." காதை வைத்துச் சோறு தின்கிறவன் நான், என்னிடமே காதைப் பற்றிப் பேசுகிறாயா என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. இன்றைக்கு அவளோடு சண்டை போட்டிருக்க வேண்டாம். சாயந்திரம் மல்லிகைப்பூ வாங்கிப்போக வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு, உட்காரவைத்து நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முழங்காலில் ரெண்டு தட்டு. ஒன்பது நிமிஷம் ஐம்பது. என்ன கேட்கிறார்? பஸ் கிளம்புகிற இடம், இன்ஜினுக்கு மேல் வயலின் வருகிறது, வயலினின் மேல்ஸ்தாயி சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார். தலையாட்டினேன். விரல் மறுபடி ஃபேடர் மேல் ஊர்கிறது. மோதிரவிரல் நடுங்குகிறது, இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். அறுபத்தெட்டு வயசு. மனைவி இல்லை. மகள் கனடாவில். இந்த நாற்காலியை விட்டால் போக இடம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகூட வந்து சும்மா உட்கார்ந்திருப்பார் என்று வாட்ச்மேன் சொல்லுவான். வேண்டாம், இப்போது இதெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு பொத்தான் போதும், அறுபத்தொன்றை ஊமையாக்க, சுண்டுவிரலை நீட்டினால் எட்டும், யாருக்கும் தெரியாது. நீட்டலாமா? அக்கா சொன்ன வார்த்தைகளை மறுபடி ஒரு தடவை சொல்லிப்பார்த்தேன். அப்பா காதில் ஃபோனை வைக்கிறேன், ஒரு நிமிஷம் பேசினால் போதும். சுண்டுவிரலை மடக்கிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரட்டும் சார், அதற்கென்ன அவசரம்.

பதினொன்று ஐம்பது. பவானியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், தாளை வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். தகரக் கொட்டகை மேல் மழை. கூட்டம், கோஷம், ஹார்ன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இது பயமா சந்தோஷமா தெரியவில்லை, ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கும் போலிருக்கிறது. பன்னிரண்டு. மழை ஃபேடர் இறங்குகிறது, அழகாக இறங்குகிறது, என் கை அப்படித்தான் இறக்கும், கடைசியில் ஒரு மயிரிழை தயங்கி. கூட்டம் இறங்குகிறது. பஸ் போய்விட்டது. வயலின் போய்விட்டது. சார் கண்ணை மூடிக்கொண்டார், கையெழுத்துப் போடுகிறார். பன்னிரண்டு பதினைந்து, பதினாறு. ஒன்றுமே இல்லை இப்போது. பவானி நிற்கிறாள். பத்தொன்பது. இருபது. அறுபத்தொன்று அசைந்தது. ஏறுகிறது, யாரும் தொடாமல் தானாக ஏறுகிறது, நான் வரைந்த கோட்டின் மேலேயே ஏறுகிறது, உச்சிக்குப் போய் நின்றுவிட்டது.

ஒன்றும் இல்லை. விசிலைக் காணோம். எங்கே தப்பு? ஃபேடர் ஏறியிருக்கிறது, சத்தம் வரவில்லை. லைன் போகவில்லையா? ஊமைப் பொத்தானை நானே தெரியாமல் அழுத்திவிட்டேனா? இல்லை, பொத்தானில் விளக்கு இல்லை. ஸ்பீக்கரில் மேல்பக்கம் போய்விட்டதா? சனியன் பிடித்த மென்பொருள், இத்தனை வருஷம் ஒரு நொடி பிசகாமல் செய்துவிட்டு இன்றைக்குப் பார்த்து என் காலை வாருகிறது, மூன்று நாள், மூன்று நாள் குளியலறையில் பழகினேனே. மீட்டரைப் பார்த்தேன். மீட்டரில் பச்சை உச்சிவரை ஏறி நிற்கிறது. வலது ஓரத்தில், பன்னிரண்டாயிரத்தில், ஒற்றைக் கம்பி மாதிரி. போகிறது. ஸ்பீக்கருக்குப் போகிறது. பின்னால் சோபா கிறீச்சிட்டது, திரும்பினேன். ஆதிரை ஒரு காதைக் கையால் பொத்தியிருக்கிறாள், முகம் சுளித்திருக்கிறது, பல்கூசுகிற மாதிரி. ஜெரோம் ஏசி வருகிற ஓட்டையை அண்ணாந்து பார்க்கிறான். நடுவில் அண்ணாச்சி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து படம் பார்க்கிறார்.

"சார், ஏதோ விசில் மாதிரி வருது சார்," என்றாள் ஆதிரை.

"விசிலா? எங்கம்மா?"

"இதோ, இப்ப. ரொம்ப ஷார்ப்பா. ஜெரோம், உனக்கு?"

"ஐயோ, காது கிழியுது," என்றான் ஜெரோம்.

சார் சிரித்தார். நான் நினைத்த அதே சிரிப்பு. "ஒண்ணும் இல்லம்மா. நாப்பத்திரண்டு வருஷம் இந்தக் காதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாம ஒரு விசில் வந்துடுமா? மௌனம்னா அப்படித்தான், இல்லாததெல்லாம் கேக்கும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே தாயி," என்றார் அண்ணாச்சி. "சும்மா கப்புசிப்புன்னுதானே இருக்கு."

"பார்த்தியா? வைரா, அந்த இடத்தைத் திருப்பிப் போடுறா, அவங்களே கேக்கட்டும்."

திருப்பிப் போட்டேன். பன்னிரண்டு இருபது. அறுபத்தொன்று மறுபடி ஏறுகிறது. கண்ணை மூடினேன், மூச்சை நிறுத்தினேன், இருக்கிற உயிரையெல்லாம் காதுக்குக் கொண்டுவந்தேன். ஏசி இரைச்சல் கேட்கிறது. அண்ணாச்சி மூக்கில் மூச்சு விடுவது கேட்கிறது. கம்ப்யூட்டர் விசிறி. காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே ஒன்றும் இல்லை. அதற்கு மேலே எதுவுமே இல்லை, ஒரு சுவர் மாதிரி அங்கேயே முடிந்துவிடுகிறது, இது என்றைக்கிலிருந்து இப்படி? பத்தொன்பது வருஷம், அவருக்குப் பக்கத்து நாற்காலி, அதே ஸ்பீக்கர், அதே சத்தம், அவர் வைத்த அதே உச்சம். நான் எதை இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன், எதைக் கேட்காமல் சரி என்று தலையாட்டினேன், எத்தனை படத்தில்? கண்ணைத் திறந்தேன். ஆதிரை ரெண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

"வைரவண்ணா, நீங்களாவது சொல்லுங்க. கேக்குதுல்ல?"

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இதுதான் அந்த இடம். இப்போதும் சொல்லலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, விசில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வசனம் நாக்கு நுனியில் இருக்கிறது. இதோ கேக்குதே சார். வாயைத் திறந்தேன். சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கன்ஸோலைப் பார்த்தார், நிதானமாக, இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு. எல்லாக் கட்டையும் தரையில் கிடக்க, எழுத்தில்லாத டேப்புக்கு மேலே ஒன்று மட்டும் உச்சியில் நிற்பதைப் பார்த்தார். புரிந்துகொண்டார், அதை நான் பார்த்தேன், அவர் கண்ணில் முதலில் ஒரு கொலைவெறி வந்தது. வரட்டும் என்று நான் முகத்தைத் திருப்பாமல் இருந்தேன். ஆனால் அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார், இந்தத் தடவை கொஞ்ச நேரம், ரெண்டு வருஷமாகக் காதுக்குப் பதிலாக மனிதர்களின் முகத்தைப் படித்துப் பிழைக்கிறவர் படிக்கிற மாதிரி, அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டது. என் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி,

"உனக்கும் கேக்கலையாடா?" என்றார்.

கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் நாக்கு நுனியில் இருந்த வசனத்தில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

"அண்ணா?" என்றாள் ஆதிரை.

"கேக்குதும்மா," என்றேன். "எடுத்துடறேன்." அறுபத்தொன்றின் மேல் விரலை வைத்து மோட்டாரை எதிர்த்துக் கீழே இழுத்தேன். பாதிவரை இழுத்தேன். போதுமா? இன்னும் இழுத்தேன். அடியில் போய் முட்டியது, அதற்கு முன்னாலும் ஒன்றுமில்லை, இப்போதும் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன், விசில் நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள. அதே நேரம் பக்கத்து நாற்காலியும் திரும்பியது. சாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.